டாங்க் என்றால் குளமா, தாங்கியா, போர் வண்டியா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எந்த வகுப்பு எடுத்தாலும் ஒரு சொல்லைப் பற்றிக் கேள்வி வராமல் போகாது. ஆங்கிலத்தில் நாலே எழுத்து, ‘டாங்க்’. ஏ9 வீதியால் ஆனையிறவு வரைக்கும் போய் வந்தால் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும் பொருட்கள் பாதியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனால் அகராதியைத் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் வரிசையாக நிற்கும், பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். வகுப்பில் கேட்டவை, பெற்றோர் வாசலில் நின்று கேட்டவை, வெளியூர்க்காரர் வழியில் கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

சேர், குளம் என்றால் ‘பொண்ட்’ தானே? பிறகு ஏன் இரணைமடுவை ‘டாங்க்’ என்று எழுதுகிறார்கள்?

இந்தக் கேள்வியை நானே ஒருமுறை பிழையாகத் திருத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை தன் ஊரைப் பற்றிய கட்டுரையில் இரணைமடு டாங்க் என்று எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனையால் வெட்டி மேலே ‘பொண்ட்’ என்று போட்டேன். அடுத்த நாள் தகப்பனின் போனை வாங்கிக்கொண்டு வந்து குளக்கட்டில் நிற்கும் பெயர்ப்பலகையின் படத்தைக் காட்டினாள். பலகையில் மூன்று மொழி, ஆங்கிலத்தில் டாங்க். அவள் எழுதினதுதான் சரி. கொப்பியை வாங்கி, வெட்டினதற்குப் பக்கத்தில் ‘உன்னுடையதே சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

காரணம் இதுதான். ‘பொண்ட்’ என்றால் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் சின்னக் குட்டை, தாமரையும் தவளையும் இருக்கும் அளவு. ‘லேக்’ என்றால் இயற்கையாக உண்டான ஏரி. எங்கள் குளம் இரண்டும் இல்லை. ஆற்றை மறித்துக் கட்டுப் போட்டு, தண்ணீரைத் திறந்து விடத் துருசு வைத்து, மிஞ்சினது வழிந்தோட வான் வைத்து, கீழே வயலுக்கு வாய்க்கால் வெட்டி மனிதர் செய்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இப்படிப்பட்டதற்கு ஆங்கிலத்தில் டாங்க் என்றுதான் பெயர், நானூறு வருடப் பழக்கம் அது. லண்டனில் இருக்கும் ஒருவரிடம் டாங்க் என்றால் அவருக்குக் குளம் ஞாபகம் வராது, அதற்காக நாங்கள் எழுதுவது பிழையாகாது. இது எங்கள் பக்கத்து ஆங்கிலம்.

இரணைமடுவையே எடுங்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டினது, 1902 இல் வெள்ளைக்காரர் காலத்தில் வேலை தொடங்கியது. இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்நிலை. 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இதை நம்பி இருக்கிறது. பிறகு கட்டை உயர்த்தினார்கள், முன்பு 34 அடி பிடித்த குளம் இப்போது 36 அடி பிடிக்கிறது. கமக்காரர் சந்தித்தால் சுகம் கேட்ட கையோடு ‘குளம் எத்தனை அடி?’ என்றுதான் கேட்பார்கள். இதைப் போய் ‘பொண்ட்’ என்று எழுதினால் அந்தக் கட்டுக்கே மரியாதை இல்லை.

அந்தச் சொல் ஆங்கிலேயருக்கு எங்கிருந்து கிடைத்தது?

எங்கள் பக்கத்திலிருந்துதான். எங்கள் பக்கம் என்று நான் சொல்வது இந்தத் துணைக்கண்டத்தை. குஜராத்தில் வீட்டு முற்றத்துக்கு அடியில் மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்கும் நிலத்தடித் தொட்டி ஒன்று உண்டு, அதற்கு டாங்கு, டாங்கி என்று பெயர். அகமதாபாத்தின் பழைய வீடுகளில் இன்றும் இருக்கிறது. ராஜஸ்தான் பாலைவனத்தில் அதே மாதிரியானதை டாங்கா என்பார்கள். மராத்தியிலும் கிட்டத்தட்ட இதே சொல். 1600 களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கில வியாபாரிகள் சூரத் பக்கம் கடை விரித்தார்கள். அங்கே கேட்ட சொல்லைத் தங்கள் கடிதங்களில் எழுதத் தொடங்கினார்கள்.

போர்த்துக்கேயச் சொல் என்று எங்கோ வாசித்தேனே?

அதுவும் பொய் இல்லை. போர்த்துக்கேய மொழியில் தங்கே என்றொரு சொல் இருக்கிறது, குளம், நீர்த்தொட்டி என்று பொருள். அதற்கு முந்திய வடிவம் எஸ்தங்கே. எஸ்தங்கார் என்றால் ஓடுகிற தண்ணீரை மறித்து நிறுத்துவது. ஆங்கிலத்தில் ஓடும் இரத்தத்தைக் கட்டுப்படுத்துவதற்குச் சொல்லும் ‘ஸ்டாஞ்ச்’ இதற்குச் சொந்தக்காரச் சொல்தான். ஆங்கிலேயருக்கு முன்னமே போர்த்துக்கேயர் கோவாவிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தவர்கள், ஆனபடியால் அவர்கள் வாயிலிருந்தும் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போயிருக்க முடியும்.

அப்ப எது சரி என்றால், இரண்டு ஓடை ஒரு குளத்தில் விழுந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களைத் திரட்டி 1886 இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதியே இரண்டு ஊற்றையும் சொல்கிறது. குஜராத்தில் டாங்கி என்று கேட்ட போர்த்துக்கேயர் ‘அட, எங்கள் தங்கே’ என்று நினைத்திருப்பார்கள், அவர்களிடம் தங்கே என்று கேட்ட குஜராத்தியும் அப்படியே நினைத்திருப்பார். ஒலியும் பொருளும் தற்செயலாக ஒன்றாக வந்துவிட்டன. ஒரே ஒரு வேர்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் ‘தடாகம்’ இதற்கு உறவா?

சமஸ்கிருதத்தில் தடாகம், தடாகா என்று வழங்குவதுதான் குஜராத்திச் சொல்லுக்கு மூலமாக இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. ‘இருக்கலாம்’ என்ற அளவில்தான். அது சரியென்றால் தடாகமும் டாங்கும் தூரத்துச் சொந்தம்.

அப்படியானால் ‘தாங்கி’ என்பது டாங்க்கின் தமிழ் உச்சரிப்புத்தானே?

இல்லை. இது பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் விடும் பிழை. தாங்கி அசல் தமிழ். தாங்குவது தாங்கி. சந்தைக்குச் சுமை கொண்டு போகிறவர்கள் வழியில் இறக்கி வைத்து இளைப்பாறும் கல் சுமைதாங்கி. கோயில் கோபுரத்தில் இருக்கும் செப்புக் கம்பி இடிதாங்கி. ஆங்கிலேயர் வந்துதான் எங்களுக்குத் தாங்கக் கற்றுத்தரவேண்டும் என்று இருக்கவில்லை. தண்ணீரைத் தாங்கி நிற்பதைத் தண்ணீர்த் தாங்கி என்று இலங்கைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது, ஆங்கிலச் சொல்லின் ஒலியும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. இதைவிடப் பொருத்தமான தமிழாக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை. தமிழ்நாட்டில் இதைத் தண்ணீர்த் தொட்டி என்பார்கள். எங்களுக்குத் தொட்டி என்றால் கிணற்றடியில் சீமெந்தால் கட்டினது, உயரத்தில் தூணின்மேல் நிற்பது தாங்கி.

ராங்கி, டாங்கி, தாங்கி என்று மூன்று விதமாக எழுதுகிறார்களே?

போர் வண்டியைத்தான் இப்படி எழுதுவார்கள். ஆங்கிலத்தின் ‘ட’ ஓசையை எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் ரகரத்தால் எழுதுவது வழக்கம்: ரெலிபோன், ரயர், ரிக்கெற், ரியூசன். எழுதுவது ர, வாசிப்பது ஆங்கில ஓசை. பெற்றோலில் வரும் ‘ற்ற’ எப்படி ஒலிக்கிறதோ அதே ஓசைதான். அதனால் ராங்கி. தமிழ்நாட்டுப் பத்திரிகை வாசித்து வளர்ந்தவர்கள் டாங்கி என்று எழுதுவார்கள். செய்தி வாசிக்கிறவர்கள் யுத்த தாங்கி என்பார்கள். மூன்றும் ஒன்றுதான். எதை எழுதினாலும் ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பிடியுங்கள்.

தண்ணீருக்கு இருந்த சொல் போர் வண்டிக்கு எப்படிப் போனது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லவேண்டும். என் அம்மாவுக்கு ராங்கி என்றால் இன்றும் ஒரு சத்தம்தான், இரும்புச் சங்கிலி தார் வீதியில் அரைபட்டு வரும் சத்தம். 2008 இலும் 2009 இலும் அந்தச் சத்தத்துக்கு முன்னால் சாமானைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடினவர்கள் நாங்கள். அவ்வளவு பயங்கரமான ஒன்றுக்கு ஏன் எங்கள் குளத்தின் பெயர் என்று ஒரு பிள்ளை கேட்டபோதுதான் நானும் தேடி வாசித்தேன்.

முதலாம் உலக யுத்தம். பிரான்சில் இரண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டி, முள்ளுக்கம்பி போட்டு, இயந்திரத் துவக்கு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒருவரையொருவர் அசைக்க முடியாமல் இருந்தார்கள். குண்டு துளைக்காத, குழியைத் தாண்டிப் போகிற வண்டி ஒன்று வேண்டும் என்று 1915 பெப்ரவரியில் பிரிட்டன் ஒரு குழுவை அமைத்தது. அப்போது கடற்படைக்குப் பொறுப்பாக இருந்தவர் வின்ஸ்டன் சேர்ச்சில். கடற்படை தொடங்கினதால் அதற்குத் ‘தரைக்கப்பல்’ என்றுதான் முதல் பெயர். லிங்கன் நகரத்தில், உழவு இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த வில்லியம் ஃபொஸ்டர் கம்பனியில் செய்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், தரைக்கப்பல் என்ற பெயரைக் கேட்டால் எந்த ஒற்றனும் விஷயத்தைப் பிடித்துவிடுவான். அதனால் தொழிலாளருக்கு வேறு கதை சொன்னார்கள்: இது மெசப்பொத்தேமியாப் பாலைவனத்தில் இருக்கும் படைக்குத் தண்ணீர் கொண்டு போகிற வண்டி என்று. பெரிய இரும்புப் பெட்டி மாதிரி இருந்ததால் கதையும் நம்பும்படி இருந்தது. 1915 இன் கடைசியில், மறைபெயராக என்ன வைக்கலாம் என்று யோசித்தபோது, நீர்க்கொள்கலனுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் சின்னதும் வாயில் சுலபமாக வருவதுமான டாங்க் என்பதைத் தெரிந்தார்கள். அந்தத் தெரிவில் முன்னின்றவர் ஏர்னஸ்ட் ஸ்விண்டன் என்ற அதிகாரி.

1916 செப்ரெம்பர் 15 ஆம் திகதி, சொம் போர்க்களத்தில் பிளேர் கூர்ஸ்லெத் என்ற இடத்தில் முதல்முறை இறக்கினார்கள். கொண்டுபோன 49 இல் பல, சண்டை தொடங்கும் இடத்துக்கு வரமுன்னமே பழுதாகி நின்றுவிட்டன. ஆனால் பெயர் நிற்கவில்லை. இரகசியம் வெளிவந்த பிறகும் மாற்றாமல் விட்டார்கள், ரஷ்ய மொழி உட்பட எத்தனையோ மொழிக்கு அப்படியே போனது. ஜேர்மானியர் பான்சர் என்று தங்கள் சொல்லை வைத்துக்கொண்டார்கள், அது கவசத்துக்கான சொல்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது: குளத்துக்குப் போர் வண்டியின் பெயரை யாரும் வைக்கவில்லை. போர் வண்டியை மறைக்கத்தான் தண்ணீரின் பெயரைத் திருடினார்கள். தண்ணீர் முன்னூறு வருடம் மூத்தது.

ஆனையிறவில் வீதியோரம் நிற்பது டாங்க் தானே?

வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அது ராங்கி இல்லை. 1991 ஆனையிறவுச் சண்டையில் பாவித்த, இரும்புத் தகடு பொருத்திக் கவசமாக்கிய புல்டோசர். சங்கிலிச் சில்லும் இரும்புக் கூடும் இருந்தால் எல்லாமே ராங்கி என்று கண் முடிவெடுத்துவிடுகிறது.

கிளிநொச்சியில் விழுந்து கிடந்தது எந்த டாங்க்?

தண்ணீர்த் தாங்கி. நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கொங்கிறீற்றுத் தாங்கி, 2008 இன் இறுதியில் போரின்போது விழுத்தப்பட்டது. கால்கள் முறிந்து, பெரிய கிண்ணம் சரிந்த மாதிரி, போர் முடிந்து பல வருடம் ஏ9 வீதிக்கரையில் அப்படியே கிடந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த நாட்களில் ஒருவர் வாகனத்தை நிறுத்தி என்னிடம் ஆங்கிலத்தில் ‘டாங்க் எங்கே?’ என்று கேட்டார். நான் கிழக்குப் பக்கம் கைகாட்டி, இந்த வீதியால் நேரே போனால் குளக்கட்டு வரும் என்று சொல்லிவிட்டேன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பி வந்தார். அவர் கேட்டது விழுந்த தாங்கியை. கோபப்படவில்லை, குளத்தில் கொக்குகளும் கூழைக்கடாக்களும் நின்றதாகவும், இறங்கிக் கட்டில் நடந்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். ஒரு சொல்லில் குழம்பி ஒரு நல்ல குளத்தைப் பார்த்திருக்கிறார், எனக்கு அது சந்தோஷம்.

மன்னாரில் ‘ஜயன்ட்ஸ் டாங்க்’ என்று வரைபடத்தில் இருக்கிறதே, யார் அந்த அரக்கன்?

கட்டுக்கரைக் குளம்தான் அது. சிங்களத்தில் யோத வெவ. வீரன் என்றும் பொருள்படும் யோத என்பதை ஆங்கிலேயர் இராட்சதன் என்று மொழிபெயர்த்து வரைபடத்தில் போட்டுவிட்டார்கள். தமிழில் இராட்சதனும் இல்லை, வீரனும் இல்லை, கட்டும் கரையும்தான். அருவியாற்றை மறித்து அதற்குத் தண்ணீர் அனுப்பும் இடம் தேக்கம். அந்த இடத்தை ஆங்கிலத்தில் ‘அனிக்கட்’ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது எங்கள் அணைக்கட்டு. தமிழிலிருந்து ஆங்கில அகராதிக்குள் நேரே போய் உட்கார்ந்த சொல். குளக்கட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘பண்ட்’ பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாகப் போனது. ஆக ஒரு நீர்ப்பாசன எஞ்சினியர் டாங்க், பண்ட், அனிக்கட் என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும்போது, அந்த மூன்று சொல்லுமே கிழக்கிலிருந்து போனவை.

மோட்டர் சைக்கிள் ராங்க்?

எண்ணெய், பெற்றோல் என்று எதையும் அடைத்து வைக்கும் கலனுக்கு இந்தப் பெயர் 1600 களின் கடைசியில் வந்தது. ஷெட்டில் ‘ஃபுல் ராங்க் அடியுங்கோ’ என்பதெல்லாம் அதன் வழி. 2022 இல் பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் முறை வந்து மோட்டர் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றபோது, மூடியைத் திறந்து காதை வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லப் பழகினோம். திருகோணமலையில் வெள்ளைக்காரர் கட்டின பெரிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் நிற்கின்றன, ஆங்கிலத்தில் ‘டாங்க் ஃபாம்’. தமிழில் எண்ணெய்க் குதங்கள் என்பார்கள்.

தண்ணீர் கொண்டு வருகிற பவுசரும் டாங்க் தானே?

ஆங்கிலத்தில் டாங்கர் என்றும் சொல்லலாம். ஆனால் பவுசர் என்பது ஒரு மனிதரின் பெயர். சில்வேனஸ் பவுசர் என்ற அமெரிக்கர் 1885 இல் ஃபோர்ட் வெய்ன் என்ற ஊரில் மண்ணெண்ணெய் இறைக்கும் பம்ப் ஒன்றைச் செய்து விற்றார். அவர் பெயர் பம்புக்குப் போய், பம்பிலிருந்து எரிபொருள் வண்டிக்குப் போய், ஆவணி புரட்டாதியில் கிணறு வற்றினால் எங்கள் ஒழுங்கை முகப்பில் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கியை நிரப்ப வருகிற தண்ணீர் வண்டிக்கும் வந்துவிட்டது. குடத்தோடு நிற்கிற ஆச்சிமார் ‘பவுசர் தம்பி’ என்று சாரதியைக் கூப்பிடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

கையில்லாத பனியனை ஏன் ‘டாங்க் டொப்’ என்கிறார்கள்?

நீச்சல் குளத்துக்கும் ஒருகாலம் டாங்க் என்று பெயர் இருந்தது. அதில் குளிக்கப் போடும் உடுப்பு 1920 களில் டாங்க் சூட், அதன் மேல்பகுதி மாதிரி இருப்பது பிறகு டாங்க் டொப். இதற்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை, திரும்பவும் தண்ணீர்தான். பிரிட்டனில் அதே பெயர் சேர்ட்டுக்கு மேலே போடும் கையில்லாக் கம்பளிச் சட்டைக்கு, கவனம்.

‘திங்க் டாங்க்’ என்றால்?

சிந்தனைக் குழாம். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கப் பேச்சில் அது மண்டையைக் குறித்தது, யோசனை நிரம்பிய பாத்திரம் என்ற கருத்தில். பிறகுதான் ஆய்வு நிறுவனங்களுக்கு ஆனது.

பொருளாதாரம் ‘டாங்க்’ ஆகிவிட்டது என்று செய்தியில் வருகிறதே?

படுத்துவிட்டது, விழுந்துவிட்டது என்று பொருள். குத்துச்சண்டையில் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விழுகிறவனை ‘டாங்க்குக்குள் போனான்’ என்பார்கள், நீச்சல் குளத்துக்குள் பாய்ந்தவன் மாதிரி என்று. அங்கிருந்து ரெனிஸ் ஆட்டத்துக்கு வந்து, பிறகு பங்குச்சந்தைக்கும் படங்களுக்கும் போனது. வீடியோ கேம் விளையாடுகிற பிள்ளைகள் சொல்வது வேறு, முன்னுக்கு நின்று அடியெல்லாம் தாங்குகிற ஆள்தான் அவர்களுக்கு டாங்க். அந்த இடத்தில் எங்கள் ‘தாங்கி’ என்ற சொல் ஆங்கிலத்தைவிடத் துல்லியமாகப் பொருந்துகிறது, பாருங்கள்.

குளத்தை டாங்க் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் மட்டும்தானா?

அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் மாடு வளர்க்கிறவர்கள், மாட்டுக்குத் தண்ணீர் தேக்க வெட்டின குளத்தை டாங்க் என்றே சொல்கிறார்கள். வன்னியில் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறவர் ஒருவரும் அவர்களும் இந்தச் சொல்லில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொள்ளலாம்.

சோதனையில் குளம் வந்தால் கடைசியாக என்ன எழுதுவது?

கட்டும் துருசும் வானும் இருந்தால் டாங்க். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், அக்கராயன் எல்லாம் டாங்க். மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றுகிற, கட்டில்லாத சின்னக் குட்டை என்றால் ‘பொண்ட்’. மீன் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி ‘ஃபிஷ் டாங்க்’.

‘குளம் வான் பாயுது’ என்பதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது?

போன மாரியில் ஒரு பொடியன் வானத்தைப் போட்டு ‘ஸ்கை’ என்று எழுதிக்கொண்டு வந்தான். வான் இங்கே ஆகாயம் இல்லை, குளம் நிரம்பி மிகுதித் தண்ணீர் வழிகிற இடம். ‘த டாங்க் இஸ் ஸ்பில்லிங்’, அவ்வளவுதான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவு திறந்த இரவு அவனுடைய வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்ததாம். அதைப் பற்றியே ஐந்து வசனம் எழுதச் சொன்னேன், ஏழு எழுதிக்கொண்டு வந்தான், எல்லாவற்றிலும் டாங்க் சரியான இடத்தில் இருந்தது.